செல்ஃப் எடுக்காத வண்டி

‘செல்ஃப் எடுக்கல.’

கார் கிளம்பாத காலையில் மெக்கானிக்குக்கு போன் போட்டால் நாம் சொல்லும் முதல் வாக்கியம் இது. இந்த ‘செல்ஃப்’ எங்கிருந்து வந்தது? நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்று விற்கப்பட்ட ஒரு கருவியின் பெயர். அவர்கள் பிற்பாடு முன்பாதியை உதிர்த்துவிட்டு ‘ஸ்டார்ட்டர்’ என்றார்கள். நாம் பின்பாதியை உதிர்த்துவிட்டு ‘செல்ஃப்’ என்றோம். வரலாறு நம் பாதியில்தான் தங்கியிருக்கிறது. ஒரு கார் தானாகக் கிளம்பும் என்பது ஒருகாலத்தில் நம்பமுடியாத விஷயம்.

காரணம் எளிது. பெட்ரோல் இன்ஜினால் தன்னைத்தானே கிளப்பிக்கொள்ள முடியாது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அழுத்தி, பொறி வைத்து வெடித்தால்தான் அது சுற்றும். ஆனால் உள்ளே இழுத்து அழுத்துவதற்கே முதலில் சுற்றியாக வேண்டும். அந்த முதல் சுற்றை வெளியிலிருந்து யாராவது கொடுக்க வேண்டும். 1900 வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் நீராவி கார், மின்சார கார், பெட்ரோல் கார் மூன்றும் போட்டி போட்டன. அதில் கையை வலிக்கச் செய்தது பெட்ரோல் கார்தான். முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி, குனிந்து, மேல்நோக்கி இழுக்க வேண்டும். பொறி சற்று முன்கூட்டியே விழுந்துவிட்டால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டு உடையும். அதனால் பொறி விழும் நேரத்தைத் தள்ளிவைக்க ஸ்டியரிங் அருகே ஒரு லீவர் இருந்தது. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். உதைத்தால் ஹேண்டில் கையைவிட்டு நழுவட்டும், விரல் தப்பட்டும் என்று.

இதை மாற்றியவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோக்காரர், எலக்ட்ரிகல் இன்ஜினியர். டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கடைக்காரர்களின் கல்லா இயந்திரத்தை இயக்க ஒரு சின்ன மின்மோட்டார் செய்தார். கல்லாவைத் திறக்க மோட்டார் நாள் முழுக்க ஓடவேண்டியதில்லை. ஒரு நொடி பலமாக ஓடினால் போதும். ஒரு நொடிக்கு மட்டும் என்றால் சின்ன மோட்டாரிடமிருந்து அதன் சக்திக்கு மீறிய வேலையை வாங்கலாம். கார் இன்ஜினைக் கையில்லாமல் சுற்ற ராட்சச மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, கெட்டரிங் இதே கணக்கை அங்கேயும் போட்டார். அவரது டெல்கோ நிறுவனம் செய்த ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. ஃபோர்டின் மாடல் டி-க்கு அது கிடைக்க 1919 ஆனது.

கெட்டரிங் செய்த இன்னொரு விஷயமும் நமக்கு முக்கியம். பேட்டரி, காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று நாம் பழைய காரில் பார்த்த மின்பொறி அமைப்பும் அவர் உருவாக்கியதுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். திறக்கும் அந்தக் கணத்தில் கரண்ட் அறுந்து, காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை எந்தப் பிளக்குக்கு முறையோ அந்தப் பிளக்குக்கு அனுப்பும். உலகம் முழுக்க அறுபது வருஷத்துக்கு மேல் கார்கள் இப்படித்தான் ஓடின. ஆக, பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பாதி நேரம் நாம் தேடுவது கெட்டரிங் வைத்துவிட்டுப் போன ஏதோ ஒரு பாகத்தில் இருக்கும் கோளாறைத்தான்.

*

இங்கே அந்தப் பாகங்களை ஊரறியச் செய்தது அம்பாசிடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 காரை அடியொற்றி, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் தயாரிக்கத் தொடங்கி, 2014 மே மாதம் வரை தயாரித்தது. அதில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின். காரின் உயிர்நாடியான உதிரிபாகங்கள் இங்கேயே தயாராகின. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்தது. பெங்களூரின் மைகோ பிளக் செய்தது. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் போட்டி கிடையாது, எனவே மாற்றமும் கிடையாது. கார் வாங்கப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்த காரும் அப்பா காலத்து இன்ஜினோடு வந்தது.

பொருளாதாரம் படித்தவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். சரிதான். ஆனால் அந்தத் தோல்வியின் அடியில் இன்னொன்று வளர்ந்தது. முப்பது வருஷம் ஒரே இன்ஜின் மாறாமல் இருந்தால், ஊரே அந்த இன்ஜினைப் படித்துவிடும்.

என் தாய்மாமா திண்டுக்கல்லில் வாடகை அம்பாசிடர் ஓட்டினார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மழைக்கால விடியலில் கல்யாணச் சவாரிக்கு வண்டி கிளம்பாமல் நின்றால் அவர் முகத்தில் பதற்றம் இருக்காது, வரிசை இருக்கும். முதலில் ஹெட்லைட்டைப் போடுவார். பிறகு சாவியைத் திருப்புவார். லைட் மங்கிச் செத்தால் கோளாறு பேட்டரியிலோ டெர்மினலிலோ. லைட் பிரகாசமாக இருந்து, செல்ஃப் மட்டும் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டர் பக்கம். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றுவார்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் வேறு கதை. ஒரு பிளக் வயரைக் கழற்றி, முனையை இன்ஜின் உடம்புக்கு அருகே காட்டி, என்னைச் சாவியைத் திருப்பச் சொல்வார். ‘கரண்ட் நீலமா குதிக்கணும் மாப்ள. மஞ்சளா தேஞ்சு வந்தா ஆகாது.’ நீலமாகக் குதித்தால் மின்சாரப் பக்கம் முழுக்க நல்லது, பெட்ரோலைப் பார்க்கலாம். குதிக்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறப்பார். மழைநாளில் பெரும்பாலும் அங்கே ஈரம் கோத்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து பாயிண்ட். கருகியிருந்தால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தை இடையில் விட்டுத் தேய்ப்பார். பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் அவரிடம் கிடையாது. யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டை நுழைத்து, இறுக்கம் பார்ப்பார். பெட்ரோலுக்கு வந்தால், பிளக்கைக் கழற்றி முகர்வார். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். காய்ந்திருந்தால் வரவே இல்லை. பம்ப், ஃபில்டர், கார்புரேட்டர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். சித்திரை வெயிலில் என்றால் முதலில் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்திருக்கும்.

வண்டியைத் தள்ளச் சொல்வதுகூட வெறும் அவசர உதவி இல்லை, அதுவும் ஒரு சோதனை. இரண்டாம் கியரில் போட்டு, தெருவே சேர்ந்து தள்ளி, கிளட்சை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டால், பொறியும் பெட்ரோலும் சரி, தவறு பேட்டரியிலோ ஸ்டார்ட்டரிலோ என்று உறுதியாகிவிடும்.

பிற்பாடு நான் இன்ஜினியரிங் படித்து, சாஃப்ட்வேர் வேலைக்குப் போனபோது, ஆயிரக்கணக்கான வரி கோடில் பிழை தேடும் வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதியாகப் பிரி. எந்தப் பாதி நல்லது என்று நிரூபி. அதை விட்டுவிட்டு மறுபாதியை மறுபடி பாதியாகப் பிரி. கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பெட்ரோல் வாசனை அடித்தது. மாமாவின் நீலப் பொறி செய்ததும் அதேதான். ஒரே கேள்வியில் காரின் பாதியைக் குற்றமற்றது என்று அது விடுவித்துவிடும்.

ஆனால் இந்த அறிவைக் கொண்டாடி முடித்துவிட முடியாது. அதற்கு ஒரு விலை இருந்தது. வண்டி அடிக்கடி நின்றதால்தான் மாமாவுக்கு வண்டி தெரிந்தது. நின்ற ஒவ்வொரு காலையும் ஒரு சவாரி போனது. மலைப்பாதையில், நள்ளிரவில், பிரசவ வலியோடு ஒரு பெண் பின்சீட்டில் இருக்கும்போது பாயிண்ட் தேய்ப்பதில் எந்த அழகும் இல்லை.

*

மாற்றம் தொடங்கியது கலிஃபோர்னியாவில். அங்கே நிலவிய புகைமூட்டம் காற்றுச் சட்டங்களைக் கொண்டுவந்தது. புகையைக் குறைக்க வேண்டுமானால் பெட்ரோலையும் பொறியையும் மிகத் துல்லியமாக அளக்க வேண்டும். கார்புரேட்டராலும் பாயிண்டாலும் அது முடியாது, கம்ப்யூட்டரால் முடியும். கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கவும் வேண்டும். அதனால் 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஓபிடி-2 என்ற பொதுவான நோயறியும் முறை கட்டாயமானது. ஒரே வடிவத்தில் ஒரு சாக்கெட், ஒரே மொழியில் பிழைக் குறிகள். 2000-ஐ ஒட்டி இந்தியாவிலும் மாசு விதிகள் இறுக, கார்புரேட்டர் கார்கள் விடைபெற்றன.

புதிய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வையுங்கள். மாமாவின் வரிசைப்படி பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பொறி இல்லை, பெட்ரோலும் இல்லை. இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் செத்திருக்கின்றன. ஸ்கேனரைச் செருகினால் பி0335 என்று வரும். கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சரின் வழித்தடத்தில் கோளாறு என்று அர்த்தம். கிராங்க் எங்கே இருக்கிறது என்று தெரியாததால், எப்போது பொறி வைப்பது, எப்போது பெட்ரோல் விடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எனவே இரண்டையும் நிறுத்திவிட்டது. பத்து நொடியில் துப்பு கிடைக்கிறது. இதை நான் குறைசொல்ல மாட்டேன். நல்ல பிழைச்செய்தியின் அருமை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பி0335 போன்ற பொதுக் குறிகள் எல்லோருக்கும் திறந்திருப்பதற்குக் காரணம் சட்டம். சட்டம் தொடாத இடங்களில் கதவு மூடியே இருந்தது. நிறுவனங்களுக்கே உரிய குறிகள், இம்மொபிலைசர் சாவியைப் புதிதாகப் பதிவது, மாற்றிய பாகத்தை கம்ப்யூட்டர் ஏற்கச் செய்வது, இதெல்லாம் அவர்களின் சொந்த சாஃப்ட்வேர் இருந்தால்தான் முடியும். பாயிண்ட் கருகியதைக் கண் இருக்கும் எவரும் பார்க்கலாம். சாவியில் இருக்கும் சிப்பை கார் ஏன் நம்ப மறுக்கிறது என்பதைப் பார்க்க அனுமதி வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் இதை வாக்குக்கே கொண்டுவந்து, தனி மெக்கானிக்குகளுக்கும் அதே தகவல் கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அசல் உதிரிபாகங்களையும் நோயறியும் கருவிகளையும் தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது போட்டிக்கு எதிரானது என்று சொல்லி, 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. அந்த 14 பேர் பட்டியலில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் உண்டு. ஊரே பிரித்துப் பார்த்துப் படித்த காரைச் செய்த நிறுவனம்! அந்தக் காரின் தயாரிப்பு நின்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

மாமாவின் தலைமுறை மெக்கானிக்குகள் தோற்றது கம்ப்யூட்டர் புரியாததால் என்று எளிதாகச் சொல்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. பிளக் வயரின் முனையில் கெட்டரிங்கின் கணக்கைக் கண்டுபிடித்தவருக்குச் சென்சரும் புரிந்திருக்கும். ஒரு கருவி புதிதாக வரும்போது அதைக் கற்றுக்கொள்ள அனுமதித்தார்களா என்பதே கேள்வி. ஸ்கேனர் வாங்கிப் போட்டு, பிழைக் குறிகளை நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்யும் பையன்களை இன்று எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் பார்க்கலாம். கதவு திறந்திருக்கும் இடம் வரை அவர்கள் போய்விட்டார்கள்.

முதல் கட்டத்தில், கார் கிளம்பாவிட்டால் கை உடைந்தது. இரண்டாம் கட்டத்தில் சவாரி போனது. ஆனால் அந்த இரண்டிலும் ‘ஏன் கிளம்பவில்லை?’ என்று காரிடமே கேட்க முடிந்தது. இப்போது கை உடைவதில்லை, வண்டியும் அநேகமாக நிற்பதில்லை. நிற்கும் அந்த அபூர்வமான காலையில், காரணம் காருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத்தான் இன்னொருவரிடம் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.