லோட்ஸ் காகித வெட்டுருக்களும் குறியிடாத போஹீமியக் கண்ணாடியும்

போஹீமியாவின் க்ளோஸ்டர்மியூலெயில் இயங்கிய யோஹான் லோட்ஸ் விட்வே கண்ணாடிக்கூடத்தின் கலங்களில் பெரும்பாலானவை குறியின்றியே விற்பனைக்குச் சென்றன. செய்தவர் பெயரின் பொறிப்பு ஏற்றுமதிச் சரக்கின் ஒரு பகுதியில்தான் காணப்படுகிறது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் கேட்டதும் உற்பத்தி நாட்டின் பெயரையே. ஆகவே குறியின்மையில் ஐயுற ஏதுமில்லை. பிற்காலத்தில் எவரும் பொறித்துவிடக்கூடிய கையொப்பமே கூடுதலான ஐயத்துக்கு உரியது. அச்சு செய்வதற்காகக் கலத்தின் பக்கத்தோற்றத்தை வெட்டி வைத்த தாள்களே காகித வெட்டுருக்கள் எனப்படுகின்றன. இக்கூடத்தின் வெட்டுருக்கள் 1989இல் ஒரு தனித் தொகுதியாக அச்சேறிய பின்னர், குறியிடாத கலங்களை அடையாளம் காணும் பணி ஏறக்குறைய முழுவதும் அவற்றின்மீதே சாய்ந்துவிட்டது. வெட்டுருவோடு பொருந்தினால் லோட்ஸ், பொருந்தாவிடில் வேறு கூடம் என்னும் வாய்ப்பாடு முந்தைய ஆய்வுகளில் நிலைபெற்றிருக்கிறது. அதன் இரு பாதிகளும் ஏற்கத்தக்கவை அல்ல என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வெட்டுரு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதைக் கலத்தின் நிழற்படமாக வாசிப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. ஊதுகுழலின் முனையில் திரட்டிய கண்ணாடி முதலில் அச்சுக்குள் ஊதப்பட்டு அடியும் வயிறும் தோளும் பெறுகிறது. பின்னர் அது பான்டில் எனப்படும் கம்பிக்கு மாற்றப்பட்டு, மீண்டும் சூடேற்றப்பட்டு, வாய் மட்டும் கருவிகளால் விரிக்கவோ கிள்ளவோ மடிக்கவோ படுகிறது. இவ்வாறு ஒரே கலத்தில் அச்சு ஆண்ட பகுதியும் கை ஆண்ட பகுதியும் இணைந்திருக்க, முந்தைய ஆய்வாளர்கள் முழு உயரத்தை அளந்து, வெட்டுருவோடு ஒப்பிட்டு, சில மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காக ஒரு கலத்தை விலக்கியும் மற்றொன்றைச் சேர்த்தும் வந்துள்ளனர். மடித்த வாயின் உயரம் ஒரே நாளில் ஒரே குழுவினர் செய்த இரு கலங்களிலும் ஒத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மடிப்புள்ள வாய் எப்பக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறதோ அதற்கேற்பப் பக்கத்தோற்றமும் மாறும். எனவே கழுத்துக்கு மேலுள்ள பொருத்தமும் பொருத்தமின்மையும் சான்றாக எண்ணப்படக் கூடாது.

கழுத்துக்குக் கீழே நிலைமை வேறு. அங்கு வேறுபாட்டின் அளவைவிட அதன் திசையே கவனிக்கத்தக்கது. போஹீமியப் பட்டறைகளில் பெரிதும் வழங்கிய மர அச்சு, நனைத்தே பயன்படுத்தப்பட்டாலும், ஒவ்வொரு ஊதலிலும் உட்புறம் சிறிது கருகி அகன்றுகொண்டே போகும். ஆகவே வயிறு வெட்டுருவைவிடச் சற்றுப் பருத்திருப்பின் அது தேய்ந்த அச்சின் விளைவாகலாம். வயிறு சிறுத்திருப்பின் அவ்விளக்கம் செல்லாது. கண்ணாடி குளிரும்போது சுருங்குகிறது என்பர். ஆனால் அச்சுருக்கம் 200 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவினதே, அதற்கு மேற்பட்ட குறைவை அதன் கணக்கில் எழுத இயலாது.

உடல் முழுமையாகப் பொருந்தினாலும், அவ்வடிவத்தை லோட்ஸ் செய்தது என்பதே அதனால் நிறுவப்படுகிறது; பிறர் செய்யவில்லை என்பது நிறுவப்படுவதில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இக்கூடம் பெரும்பரிசு வென்ற பிறகு, விற்கும் வடிவத்தை அண்டைக் கூடங்கள் பார்த்துச் செய்வதற்கு எத்தடையும் இருந்ததாகத் தோன்றவில்லை. இங்கேதான் வெட்டுருவின் ஓரத்திலுள்ள எழுத்து, அதன் விளிம்பைவிட மதிப்புடையதாகிறது. பல தாள்களில் உற்பத்தி எண்ணோடு அலங்காரக் குறிப்பும் உண்டு. ‘பாப்பியோன்’ என்று குறித்த வடிவம், வெள்ளிச் சேர்மம் கலந்த கண்ணாடித் துகள்களை உடலில் பதித்துப் பெற்ற புள்ளிமினுக்கோடு கிடைத்தால், வடிவமும் செய்முறையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. அதே உடல் வெறும் உலோக உப்புப் புகையால் மினுக்கேற்றப்பட்டுக் கிடைத்தால், வெட்டுரு தனித்து நிற்கும் சான்றாகச் சுருங்கிவிடுகிறது.

வேதியியல் பகுப்பாய்வு இச்சிக்கலைத் தீர்க்கும் என்ற எதிர்பார்ப்பை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. ஒப்பிடுவதற்கு எடுக்கப்படும் மாதிரிகள் வெட்டுருவின் துணையால் லோட்ஸ் என்று ஏற்கப்பட்டவையாக இருக்கும்வரை, அப்பகுப்பாய்வு தன் வாலையே சுற்றிவரும்.

வாய்ப்பாட்டின் இரண்டாம் பாதி இன்னும் நலிந்தது. எஞ்சியுள்ள வெட்டுருத் தொகுதி இடைவெளிகள் உடையது என்பதை அறிந்தவர்களே, அதில் இல்லாத வடிவத்தை லோட்ஸ் அன்று எனத் தள்ளி, எலியோனோரன்ஹைனில் இயங்கிய வில்ஹெல்ம் கிராலிக் ஸோன் கூடத்தின் பெயரில் வரவு வைத்துள்ளனர். அக்கூடம் சேகரிப்பாளரின் எச்சங்களையெல்லாம் கொட்டும் கிடங்காகிவிட்டது எனில் மிகையாகாது. கிராலிக்குக்கோ, டெப்லிட்ஸ் வட்டாரத்து ரின்ட்ஸ்கோஃப், பால்மே-கோனிக் கூடங்களுக்கோ நேர்ச்சான்று தேடாமல், லோட்ஸ் தொகுதியின் மௌனத்தை மட்டும் கொண்டு செய்தவரைப் பெயரிடுவது முறையன்று. அச்சாண்ட உடல், ஓரக்குறிப்பு, அலங்காரச் செய்முறை ஆகிய மூன்றும் ஒத்துவரும் கலத்துக்கு லோட்ஸ் என்னும் பெயர் தயக்கமின்றி வழங்கப்படலாம். ஒன்று மட்டும் ஒத்துவருவதைக் காட்சிப்பெட்டியின் சீட்டில் ‘போஹீமியா, 1900 அளவில்’ என்று எழுதி, செய்தவருக்கான இடத்தை வெற்றாகவே விட வேண்டும்.