கெய்ரோவிலிருந்து கொச்சிக்கு வந்த தீர்ப்பு

1520-ஆம் ஆண்டு வாக்கில் கொச்சி யூதர்களிடமிருந்து எகிப்தின் கெய்ரோவுக்கு ஒரு கேள்வி போனது. அதைப் பெற்றவர் எகிப்து யூதர்களின் தலைமை ரபி டேவிட் இபின் அபி ஸிம்ரா. பெயரின் எழுத்துகளைக் கூட்டி 'ரத்பாஸ்' என்றே அவரை அழைப்பார்கள். ஸ்பெயினில் பிறந்த அவர், 1492-இல் அந்நாடு யூதர்களை விரட்டியபோது சிறுவனாக வெளியேறியவர்.

மதச் சட்டத்தில் உள்ளூரில் தீராத வழக்கை வெளியூர் அறிஞருக்கு எழுதிக் கேட்பது யூதர்களின் பழைய வழக்கம். கேள்வி, பதில் இரண்டையும் சேர்த்தே பாதுகாப்பார்கள். ரத்பாஸ் எழுதியவற்றில் அச்சேறியவை மட்டுமே 2,000-க்கும் மேல்.

கொச்சியின் வழக்கு கொள்வினை கொடுப்பினை பற்றியது. ஊரில் சுமார் 900 குடும்பங்கள். அவற்றில் 100 குடும்பத்தார் தாங்களே வம்சாவளி யூதர்கள் என்றார்கள். மற்றவர்களிடம் செல்வம் இருந்தது. மதக் கட்டளைகளையும் தான தர்மத்தையும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். ஆனாலும் 'அடிமை வழி வந்தவர்கள்' என்று சொல்லி அவர்களோடு சம்பந்தம் செய்ய அந்த நூறு குடும்பங்கள் மறுத்தன. சண்டை ஓயவில்லை.

ரத்பாஸின் பதில் தெளிவானது. பிறப்பில் ஐயம் இருந்தால், சட்டப்படி மூவர் முன்னிலையில் நீரில் மூழ்கி எழட்டும். அதன்பின் அவர்கள் முழு யூதர்களே, மணஉறவுக்குத் தடையில்லை. பின்னாளில் இதே கேள்வி அலெக்சாந்திரியாவின் ரபி யாக்கோபு காஸ்ட்ரோவுக்குப் போனது. அவரும் இப்படியே எழுதினார்.

தீர்ப்பு கொச்சியில் எடுபடவில்லை. ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் 1568-இல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெபாலயத்தைக் கட்டினார்கள். இங்கே பரதேசி என்றால் பிச்சைக்காரர் அல்ல, வேற்று நாட்டிலிருந்து வந்தவர். ரத்பாஸைப் போலவே ஸ்பெயினை இழந்தவர்களின் சந்ததியும் அந்தச் சபையில் இருந்தது. அங்கேதான், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த 'மெஷுஹ்ரரீம்' உள்ளே உட்கார முடியாமல் முன்கூடத்தில் ஒதுக்கப்பட்டார்கள். 1882-இல் அவர்கள் எருசலேமின் தலைமை ரபி பனிஜெலுக்கு எழுதிக் கேட்டார்கள். பழைய பதிலே வந்தது. அதற்கும் பயனில்லை.

கடிதங்கள் சாதிக்காததைச் சத்தியாகிரகம் சாதித்தது. மெஷுஹ்ரரீம் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பட்டம் பெற்று வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சாலேம் (1882–1967), காந்தியின் வழியைத் தன் ஜெபாலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. பாகுபாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கடைசியில் தளர்ந்தது மணத்தடைதான். 1950-இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். ரத்பாஸ் எழுதி அப்போது ஏறத்தாழ 430 ஆண்டுகள் ஆகியிருந்தன.