272 (எண்)

272 (இருநூற்று எழுபத்திரண்டு) ஓர் இயல் எண். மலேசியத் தமிழர்களிடையே பத்துமலைப் படிகளின் எண்ணிக்கையாகப் பெயர்பெற்றது.

பண்புகள்

16ஐ 17ஆல் பெருக்கினால் 272. ஆகவே 2 முதல் 32 வரையுள்ள இரட்டை எண்களின் கூட்டுத்தொகையும் இதுவே. 16, 4 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண் வரும். வகுத்திகள் பத்து, தன்னை நீக்கி மற்ற ஒன்பதைக் கூட்டினால் 286 ஆகி, எண்ணையே மிஞ்சும். எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் மாலைமாற்று எண். எனினும் பழந்தமிழ் முறையில் ௨௱௭௰௨ என நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி இட்டு எழுதினால் அந்த அழகு மறைந்துவிடும்.

கணித வரலாறு

ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகரி 1671இல் ஜான் காலின்சுக்கு எழுதிய கடிதத்தில் டேன்ஜென்ட் சார்பைத் தொடராக விரித்துக் காட்டினார். அதன் நான்காம் உறுப்பின் கெழு 17/315. பகுதியை 5040 ஆக்கினால், அதாவது 1 முதல் 7 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலன் ஆக்கினால், தொகுதி 272 ஆகும். 1, 2, 16, 272, 7936 என வளரும் இவ்வரிசை டேன்ஜென்ட் எண்கள் எனப்படுகிறது. பெர்னூலி எண்களிலிருந்தும் இவற்றை வருவிக்கலாம். இராமானுஜன் 1911இல் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரை அந்தப் பெர்னூலி எண்களைப் பற்றியது.

டேன்ஜென்ட் எண்கள் எதை எண்ணுகின்றன என்பதை 1879இல் பிரான்சின் தெசிரே ஆந்திரே விளக்கினார். வெவ்வேறு உயரமுள்ள ஏழு பேரை வரிசையில் நிறுத்த 5040 வழிகள் உண்டு. முதல்வரைவிட இரண்டாமவர் நெட்டை, அவரைவிட மூன்றாமவர் குட்டை என உயரம் ஏறியும் இறங்கியும் மாறிமாறி வருமாறு நிறுத்த 272 வழிகளே உண்டு. 1, 3, 2, 5, 4, 7, 6 என்பது அவற்றுள் ஒன்று. வளைகோட்டைப் பற்றிய தொடர் ஒன்று, ஆட்களை வரிசைப்படுத்தும் கேள்விக்கும் விடையை வைத்திருந்தது.

பத்துமலை

பத்துமலை மலேசியாவின் கோம்பாக் மாவட்டத்தில் உள்ளது. கா. தம்புசாமிப் பிள்ளை இங்கு முருகனை நிறுவிய ஆண்டு 1890 என்றும் 1891 என்றும் கூறப்படுகிறது. தைப்பூசம் 1892 முதல் நடைபெறுவதாகக் கொள்வர். 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவற்றின் இடத்தில் காங்கிரீட் படிகள் வந்தன.

'பத்து' என்பது மலாயில் கல். பெயர் அருகிலுள்ள பத்து ஆற்றிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. இந்தியாவின் அறுபடைவீடுகளோடு மலேசியாவின் நான்கு தலங்களைச் சேர்த்து, இது பத்தாவது மலை என்று விளக்குவோரும் உளர்.

படிகளுக்கு 2018இல் பல வண்ணம் பூசப்பட்டது.