பாதிரியார் கடித்த பட்டை

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். அநேகமாக ஆஸ்பிரின் இருக்கும். கேட்டால், 'ரத்தம் உறையாம இருக்க டாக்டர் கொடுத்தார்' என்பார்கள். அந்த மாத்திரையின் பூர்வீகம், ஒரு மரப்பட்டை!

18-ம் நூற்றாண்டு. இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊர். எட்வர்ட் ஸ்டோன் என்கிற பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தார். (சிலருக்கு அப்படி ஒரு சுபாவம்!) கடும் கசப்பு. உடனே அவருக்கு சிங்கோனா பட்டை ஞாபகம் வந்தது. அதுதான் அப்போது காய்ச்சலுக்கு மருந்து. வெளிநாட்டுச் சரக்கு, விலையும் ஜாஸ்தி. வில்லோவோ ஈர நிலத்தில் வளர்வது. குளிர்காய்ச்சல் வருவதும் அதே ஈர நிலத்தில்தான். வியாதியைக் கொடுத்த இடத்திலேயே கடவுள் மருந்தையும் வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டார் பாதிரியார். கணக்கு தப்பு, விடை சரி!

பட்டையை உலர்த்திப் பொடியாக்கி சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது. 1763-ல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் அச்சடித்தபோது, பாவம், அவர் பெயரை 'எட்மண்ட்' ஆக்கிவிட்டார்கள்.

1828-ல் அந்தக் கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்து சாலிசின் என்றார்கள். அதன் வழிவந்த சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியது. அதைக் கொஞ்சம் மாற்றி, 1899-ல் பேயர் கம்பெனி வைத்த பெயர்தான் ஆஸ்பிரின்.

சரி, புற்றுநோய் எங்கே வந்தது? 1863-லேயே ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஹோ, கட்டிகளுக்குள் ரத்த வெள்ளணுக்களைப் பார்த்துவிட்டு, தீராத அழற்சி உள்ள இடத்தில் புற்று முளைக்கலாம் என்றார். அழற்சியைத் தூண்டும் ப்ராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். இரண்டு முடிச்சுகளையும் சேர்த்துப் போட்டால்?

ஜான் பர்ன் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் குழு அதைத்தான் செய்தது. லின்ச் சிண்ட்ரோம் என்பது பரம்பரைக் கோளாறு. குடல் புற்றுக்கு வாய்ப்பு மிக அதிகம். அப்படிப்பட்ட 861 பேரில் 427 பேருக்கு தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. முதலில் வித்தியாசமே தெரியவில்லை. விட்டுவிடாமல் வருடக்கணக்கில் கவனித்தார்கள். 2020-ல் வெளியான கணக்கு இது: ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் குடல் புற்று வந்தது 40 பேருக்கு. டம்மி சாப்பிட்ட 434 பேரில் 58 பேருக்கு.

'அப்ப நாமும் தினம் ஒண்ணு போட்டுக்கலாமா சார்?' என்று கிளம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 ஆரோக்கியமான முதியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. 2018-ல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் ரத்தக்கசிவு அதிகம். புற்றுநோய்ச் சாவும், ஆமாம், அதிகம்!

2020-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்', குடல் புற்றைத் தடுக்க ஆஸ்பிரினைப் பரிசீலிக்கலாம் என்று சொன்னது, லின்ச் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும்தான்.