உட்பகையும் நாட்டின் பாதுகாப்பும்

நாட்டின் பாதுகாப்பு என்றவுடன் எல்லைக் காவலும் படைக்கலங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. எனினும், அரணையும் படையையும் பாடிய திருவள்ளுவர் அத்துடன் அமையாது, 'உட்பகை' என ஓர் அதிகாரத்தையே தனியே வகுத்தார். வெளிப்பகை மதிலுக்கு அப்பால் நின்று தாக்கும். உட்பகையோ உள்ளிருந்தே கதவைத் திறந்துவிடும். நம் நாட்டு வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

1757ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் வங்காளத்தில் பிளாசி என்னுமிடத்தில் நவாப் சிராஜ் உத்தௌலாவின் படையும் கிளைவின் படையும் எதிர்நின்றன. நவாபிடம் ஏறத்தாழ 50,000 வீரர்; கிளைவிடம் ஏறத்தாழ 3,000 பேர். ஆயினும் தோற்றவர் நவாபே! அவருடைய படைத்தலைவர் மீர் ஜாபர் கம்பெனியாருடன் முன்னரே இரகசிய உடன்பாடு செய்துகொண்டு, களத்தில் வாளாவிருந்தார். ஜகத் சேட் என்னும் பெருஞ்செல்வக் குடும்பத்தாரும் அச்சூழ்ச்சிக்கு உடந்தையாயினர். துரோகத்தின் கூலியாக நவாப் பதவி பெற்ற மீர் ஜாபரை, 1760இல் அதே கம்பெனியார் இறக்கினர். 1765இல் வங்காளத்தின் வரி வாங்கும் உரிமையே அவர்கள் கைக்குச் சென்றது. எல்லாம் பெற்றிருந்தோர் பேராசையால் செய்த உட்பகை இது.

உட்பகைக்கு வேறொரு வேரும் உண்டு. 1818ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், பீமா ஆற்றங்கரையிலுள்ள கோரேகாவில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையைக் கம்பெனியின் சிறுபடை எதிர்த்து நின்றது. அதில் மகர் வகுப்பு வீரர் பலர் இருந்தனர். அவ்வாண்டிலேயே பேஷ்வா ஆட்சி முடிவுற்றது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும், தீண்டத்தகாதவர் எனத் தன் குடிகளையே ஒதுக்கிவைத்த அரசு, அவர்களிடம் பற்றை எவ்வாறு எதிர்பார்த்தல் கூடும்? இங்கு உட்பகையை விதைத்தது அவ்வரசின் கொடுமையே அன்றோ? அதே மகர் மக்களின் பெயரால் 1941இல் அமைந்த படைப்பிரிவு இன்றும் இந்திய இராணுவத்தில் நின்று நாட்டைக் காக்கின்றது. இடம் கொடுத்தால் காப்பவர் யார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்விரு வேர்களையும் ஆராய்ந்து கூறியவர் அண்ணல் அம்பேத்கர். 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், இந்தியா முன்னர்ச் சுதந்திரத்தை இழந்தது தன் மக்கள் சிலரது துரோகத்தாலேயே என்று அவர் எச்சரித்தார். சிந்து மன்னர் தாகிரின் படைத்தலைவர்கள் கைக்கூலி பெற்றுப் போரிட மறுத்ததை எடுத்துக்காட்டினார். சாதிகள் தேசத்துக்கு எதிரானவை என்றும், சமுதாயத்தில் சமத்துவமின்மை நீடிக்குமாயின் அரசியல் ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்றும் தெளிவுறுத்தினார்.

ஆகவே, உரிமை கேட்பவரைப் பிரிவினைக்காரர் எனத் தூற்றுதல் வரலாறு அறியாதார் செயலாகும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் விதியும், 1955, 1989ஆம் ஆண்டுகளின் சட்டங்களும் நமக்கு மட்டும் அரணல்ல, நாட்டுக்கே அரண். அச்சட்டங்கள் ஏட்டளவில் நில்லாது ஊர்தோறும் நடைமுறைக்கு வரச் செய்தல் நாட்டுக் காவலேயாகும். இளைஞர்களே! இச்சங்கம் ஏற்றிய கல்வி விளக்கைக் கையிலேந்துங்கள். கைக்கூலிக்கு விலைபோகாதீர்கள், இழிவுக்குத் தலைவணங்காதீர்கள். இவ்விரண்டும் கைவரப்பெற்ற குடிமக்களே நாட்டின் அசையா மதில்.