இழப்பீட்டுச் சட்ட வரலாற்றில் கைக்கருவிக் காயங்கள்

முன்னுரை

கத்தி, அரிவாள், உளி, கோடரி முதலிய கைக்கருவிகளால் நேரும் காயம், உழைப்பவரின் கவனக்குறைவால் வந்ததாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. அக்கருத்து நிலைபெற இந்தியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எவ்வாறு இடமளித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாள் வரம்பு

1923ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற இச்சட்டம் 1924 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பணியின்போது விபத்தால் நேரும் காயத்திற்கு, முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்காமலே தொழிலாளர் இழப்பீடு பெற இது வழிவகுத்தது. ஆயினும், பத்து நாள்களுக்கு மேல் உழைக்கும் திறன் குன்றினால் மட்டுமே இழப்பீடு உண்டு. இவ்வரம்பு 1933இல் ஏழு நாள்களாகவும் 1959இல் மூன்று நாள்களாகவும் குறைக்கப்பட்டது. எந்திரத்தில் கை சிதைந்தவருக்கு இது தடையன்று. கத்திபட்டு ஒன்பதாம் நாள் காயம் ஆறி வேலைக்குத் திரும்பியவரோ, 1933க்கு முன் ஏதும் பெற்றிரார்.

தொழில் வரம்பு

எத்தொழிலாளர்க்கு உரிமை உண்டு என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரையறுத்தது. இருபத்தைவர்க்குக் குறையாதோர் பணிபுரியும் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுபவர் அதனுள் அடங்கினர். வேளாண்மையிலோ, டிராக்டர் முதலிய எந்திர ஆற்றலால் இயங்குவனவற்றைக் கொண்டு செய்யும் உழவே இடம்பெற்றது; அரிவாளால் கதிரறுப்பவர்க்கு அவ்வழி திறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எந்திரத்தின் அபாயமான உறுப்புகளுக்குத் தடுப்பு அமைக்கப் பணித்தது. வேளாண் கருவிகளைக் கருதி 1983இல் எழுந்த சட்டமும் கதிரடிக்கும் எந்திரம் போன்றவற்றையே நோக்கியது.

கருவியும் கவனமும்

மழுங்கிய கத்திக்கு அழுத்தம் மிகுதியாக வேண்டும். அழுத்தம் மிகுந்தால் கத்தி எளிதில் வழுக்கும். ஈரமான பிடியும், உறையின்றி எடுத்துச் செல்லும் அலகும், அளவுக்கேற்பக் கூலி தரும்போது எழும் விரைவும் அபாயத்தைப் பெருக்குவன. எனவே, சாணை பிடிக்க நேரம் ஒதுக்குதல், தகுந்த பிடியும் உறையும் வழங்குதல் ஆகியன வேலை வாங்குபவரின் பொறுப்பில் அடங்குவனவே. எந்திரத்திற்குத் தடுப்பு வேண்டுமென்ற சட்டம், கத்தியைப் பொறுத்தவரை காப்பை உழைப்பவரின் கவனத்திடமே பெரிதும் விட்டுவிட்டது எனலாம்.

முடிவுரை

இவ்விரு வரம்புகளுக்கும் அப்பாற்பட்ட காயங்கள் இழப்பீட்டுப் பதிவுகளில் இடம்பெறவில்லை. ஆகவே, அப்பதிவுகளை மட்டும் கொண்டு கைத்தொழில்கள் தீங்கற்றவை என முடிவு செய்தல் பொருந்தாது. கைக்கருவிகளின் பெயர்களையும் வடிவங்களையும் தொகுக்கும் ஆய்வாளர், அவற்றைப் பிடித்த கைகளின் தழும்புகளைப் பற்றியும் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.