பாடசாலை மாணவருக்கான சர்வதேச வானியற் போட்டி: தோற்றமும் வளர்ச்சியும்

மனிதன் பயின்ற விஞ்ஞானத் துறைகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்று வானியல். விதைப்புக் காலத்தை அறியவும் கடலிலே திசை காணவும் ஆதிமாந்தர் வானத்தையே நம்பியிருந்தனர். எனினும், பாடசாலை மாணவருக்கான சர்வதேச விஞ்ஞானப் போட்டிகளின் வரிசையில் இத்துறை பிந்தியே இடம்பெற்றது. கணித ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவிலும், பௌதிகவியல் ஒலிம்பியாட் 1967இல் போலந்திலும், இரசாயனவியல் ஒலிம்பியாட் 1968இல் செக்கோசிலவாக்கியாவிலும் தொடங்கின. உயிரியலுக்கு 1990இலேயே அவ்வாய்ப்புக் கிட்டியது. வானியலோ 1996 வரை காத்திருந்தது.

இத்தாமதத்துக்கான காரணத்தை வகுப்பறையிலேயே தேடல் வேண்டும். கணிதமும் பௌதிகவியலும் பெரும்பாலான நாடுகளின் பாடத்திட்டத்தில் தனிப் பாடங்களாக அமைந்தவை. வானியலோ, பல நாடுகளில், புவியியலிலோ பௌதிகவியலிலோ ஓர் அத்தியாயமாக ஒடுங்கிவிட்டது. அது தனிப் பாடமாகக் கற்பிக்கப்பட்ட சோவியத் நாட்டில், 1947 முதல் மாஸ்கோ நகர மாணவரிடையே வானியற் போட்டி நடைபெற்று வந்தது. போலந்தில் 1957இல் தேசியப் போட்டி தொடங்கியது. சர்வதேசப் போட்டிக்கான வித்து இத்தகைய முயற்சிகளிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1996 நவம்பரில், ருஷ்யாவின் காக்கசஸ் மலைப்பகுதியிலுள்ள நிஷ்னி ஆர்கிஸ் என்னுமிடத்தில் முதலாவது சர்வதேச வானியல் ஒலிம்பியாட் நடைபெற்றது. ஐரோப்பிய-ஆசிய வானியற் கழகம் இதனை ஒழுங்கு செய்தது. ஆறு மீற்றர் விட்டமுள்ள ஆடியைக் கொண்டதும், ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரியதாக விளங்கியதுமான தொலைநோக்கி அங்கேதான் அமைந்துள்ளது. ஆயின், அதே ருஷ்யாவின் பாடசாலைகளில், 1990களில், வானியல் கட்டாயத் தனிப் பாடம் என்னும் நிலையை இழந்தது. 2017இலேயே அது மீண்டும் தனிப் பாடமாகச் சேர்க்கப்பட்டது. வகுப்பறை கைவிட்ட துறைக்குப் போட்டிக் களம் புகலிடமாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

2006இல் தாய்லாந்து, இந்தோனேசியா, ஈரான், சீனா, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து, வானியலுக்கும் வானியற்பௌதிகத்துக்குமான மற்றொரு சர்வதேச ஒலிம்பியாட்டை நிறுவின. அதன் முதற் போட்டி 2007இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நிகழ்ந்தது. இலங்கை மாணவரும் அதிற் பங்குபற்றினர். பின்வந்த ஆண்டுகளில் அதன் வளர்ச்சி விரைவாயிற்று. 2025இல் மும்பையில் நடைபெற்றபோது அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. இடையூறுகளும் இல்லாமலில்லை. 2020இற் கொள்ளைநோய் காரணமாக இணையவழிப் போட்டியொன்றே நடைபெற்றது. 2022இல் உக்ரைனின் கீவ் நகரில் நிகழவிருந்த போட்டி, போர் மூண்டமையால் ஜோர்ஜியாவின் குட்டாய்சி நகருக்கு மாற்றப்பட்டது.

எழுத்துமூல வினாக்களோடு மட்டும் இப்போட்டிகள் அமைவதில்லை. அவதானிப்புச் சோதனையே இவற்றுக்குத் தனித்தன்மை அளிப்பது. நட்சத்திரக் கூட்டங்களை இனங்காணுதலும் தொலைநோக்கியைக் கையாளுதலும் அதில் அடங்கும். பௌதிகவியற் பரிசோதனைக்கான கருவிகளை எந்நாட்டிலும் ஒரே வகையாக அமைத்துவிடலாம். வானமோ அகலக்கோட்டுக்கேற்ப மாறுவது. வட ஐரோப்பிய மாணவன் தன் ஊரில் தென்சிலுவையைக் காண்பதில்லை. தென்னரைக்கோளத்து மாணவனுக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஆகவே, 2012இல் ரியோ டி ஜெனீரோவில் போட்டி நிகழ்ந்தபோது, வடநாட்டு மாணவர் தமக்குப் பழக்கமற்ற வானத்தையே எதிர்நோக்க வேண்டியிருந்தது. முகில் மூடிய இரவுகளுக்கோ கோளரங்கே மாற்று வழியாகும்.

வினாத்தாள்களை அணித்தலைவர்கள் மாணவரின் மொழிக்குப் பெயர்த்து வழங்கலாம் என்னும் ஏற்பாடு இப்போட்டிகளின் சிறந்த மரபுகளுள் ஒன்று. தாய்மொழியிற் பயின்றவனுக்கும் அதனால் வாசல் திறக்கப்படுகிறது. ஆயினும், வாசல்வரை வந்துசேரும் வழி யாவர்க்கும் ஒன்றன்று. பாடத்திட்டத்தில் இல்லாத துறைக்குப் பயிற்சி முகாமும் நூலும் வழிகாட்டியும் வேண்டும். இவை தலைநகரங்களிலும் பெரிய பாடசாலைகளிலும் எளிதிற் கிடைப்பன. ஒளி மிகுந்த நகரத்து மாணவனுக்கு ஆசிரியர் உண்டு, வானம் தெளிவாயில்லை. இருள் சூழ்ந்த கிராமத்து மாணவனுக்கு வானம் உண்டு, ஆசிரியர் இல்லை. இவ்விடைவெளியைப் பதக்கங்களின் தொகை காட்டுவதில்லை. சர்வதேசப் போட்டி திறமையை இனங்காணும். அதனை உருவாக்கும் பொறுப்போ பாடசாலைக்கே உரியது. வானியல் மீண்டும் வகுப்பறைக்குள் இடம்பெறும் அளவிலேயே இப்போட்டியின் உண்மையான வெற்றி அமையும்.